இருபத்திரண்டு வளையங்கள்

எக்ஸ்ரேயில் இருபத்திரண்டு வளையங்கள் இருந்தன. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே சின்னவளுக்கு அது தெரியும்.

நேற்றே படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூன்று தடவை எண்ணிவிட்டாள். சட்டைக் கம்பெனியில் பட்டன்களை எண்ணிச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. எண்ணிக்கையில் அவளை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

விழுங்கியது ஒரே ஒரு மாத்திரை. அதற்குள் இருபத்துநாலு பொடி வளையங்கள். ஐந்து நாள் பேதி மருந்து எதுவும் தொடாமல் இருந்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒழுங்கான குடலாக இருந்தால் அதற்குள் ஏறக்குறைய எல்லாமே வெளியே போயிருக்கும்.

அவளுக்குப் போனது இரண்டே இரண்டு.

மூத்தவளுக்குப் போன வருஷம் பத்தொன்பதுதான் தங்கியிருந்தது. அதற்கே வேறோர் ஆஸ்பத்திரியில் பெருங்குடலை வெட்டியெடுத்து, மிச்சக் குடலை ஒட்டித் தைத்துவிட்டார்கள். இருபத்திரண்டுக்கு எப்படி மாட்டேன் என்பார்கள்?

மூத்தவள் இப்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னவளின் கணவனுக்கு அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கழிப்பறை. பதினோரு வருஷமாக இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மலச்சிக்கல். வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இஞ்சிச் சாறு, ஆமணக்கெண்ணெய், வெந்நீர் என்று வந்துவிட்டால் மட்டும் கூடிக் கூடிப் பேசுவார்கள்.

அந்த ஒற்றுமையும் ஆறு மாதத்துக்கு முன்பு போயிற்று. ஆபரேஷன் முடிந்து வந்த மூத்தவள் காலையில் உள்ளே போனால் ஐந்தே நிமிடம். வெளியே வரும்போது முகத்தில் அப்படியொரு களை. மாமியார் வாசலிலேயே காத்திருந்து, "கொடுத்து வச்சவ" என்பாள்.

அடுத்து சின்னவள் போவாள். முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் மூன்று பேர் கதவைத் தட்டுவார்கள்.

மற்ற பெண்கள் நகைக்கும் புடவைக்கும் பொறாமைப்படுவார்கள். இதற்குப் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது. ஒரு நாள், அந்தத் தையல் பிரிந்து தொலைக்கக் கூடாதா என்றுகூட நினைத்துவிட்டாள். நினைத்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை, கூப்பிடாமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள் மூத்தவள். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறாள் என்று சின்னவள் வழியெல்லாம் நாலடி முன்னாலேயே நடந்தாள்.

"எத்தனைங்கிறது இருக்கட்டும்மா. எங்கே இருக்குன்னு பாருங்க," என்றார் டாக்டர்.

பேனா முனையால் படத்தின் அடியில் ஒரு வட்டம் போட்டார். இருபத்திரண்டும் அந்த வட்டத்துக்குள், ஆசனவாய்க்குச் சற்று மேலே, குவியலாகக் கிடந்தன. மேலே பெருங்குடல் நெடுக ஒன்றுகூட இல்லை.

குடல் ஒழுங்காகத்தான் தள்ளுகிறது, முக்கும்போது தளர வேண்டிய தசைதான் இறுகிக்கொள்கிறது என்றார். வளையங்கள் குடல் முழுக்கச் சிதறிக் கிடந்தால்தான் வெட்டுவதைப் பற்றி யோசிப்பாராம். இப்படிக் கடைசியில் வந்து தேங்கியிருந்தால், வெட்டினாலும் அநேகமாகப் பலன் இருக்காதாம். தசையைத் தளர்த்தப் பழக்குவதற்குப் பயிற்சி இருக்கிறது, இன்னொரு பரிசோதனை செய்துவிட்டு அதை ஆரம்பிக்கலாம் என்றார்.

"கதவு திறக்கலேன்னா கதவைத்தாம்மா பார்க்கணும். கூடத்தை இடிச்சு என்ன பண்றது?"

சின்னவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மூன்று வளையம் கூடுதலாக வைத்திருந்தும் தோற்றுவிட்டாள். குழந்தை மாதிரி, "அக்காவுக்கு மட்டும் செஞ்சாங்களே?" என்று கேட்டேவிட்டாள்.

மூத்தவளின் படத்தைத் தான் பார்த்ததில்லையே என்றார் டாக்டர். மூத்தவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பேனா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் வரிசையில் நின்றபோது, மூத்தவள் சின்னவளின் முழங்கையைப் பிடித்துக் காதருகே வந்தாள்.

"எனக்கும் எல்லாம் அங்கேதான்டி கிடந்துச்சு. எத்தனைன்னு எண்ணினாங்க, எங்கேன்னு யாரும் பார்க்கலை. வெட்டியும் ஒண்ணும் மாறலை. அத்தனை பேரும் ஆசையா மூஞ்சியைப் பார்த்துட்டு நிக்கும்போது எப்படிச் சொல்றது?"

சின்னவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆறு மாத எரிச்சலும் ஒரே நொடியில் அடங்கி, வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடி, அப்படிக் குளிர்ந்ததை நினைத்து உடம்பு கூசிற்று.

அந்த ஐந்து நிமிடமும் மூத்தவள் சும்மா உட்கார்ந்துவிட்டு, வலியோடு எழுந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்திருக்கிறாள். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தனக்கு அப்படி நடிக்க வராது என்று சின்னவள் அதற்கும் கொஞ்சம் பொறாமைப்பட்டாள்.

வரிசை நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

மூத்தவளின் கை இன்னும் முழங்கையை விடவில்லை. சின்னவள் அதைத் தன் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர் வர்றோம்," என்றாள். "என் பேரை முதல்ல எழுதுங்க."