கோட் தராத வீடு

“ராஜகீழ்ப்பாக்கம், மூணாவது மாடியா? அந்தக்கா கோட் தராது மச்சான். ஏ.சி.ல இருந்து ஐஸ் கட்டியா கொட்னாலும் தராது” என்று சிரித்தான் சக ஏ.சி. மெக்கானிக் எழில்.

குணாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரரின் போனுக்கு நான்கு இலக்க எண் ஒன்று வரும். அதுதான் கோட். மெக்கானிக் அதைக் கேட்டு வாங்கித் தன் ஆப்பில் போட்டால்தான் புகார் முடிந்ததாக அர்த்தம். மாலை ஆறுக்குள் போடாவிட்டால் சூப்பர்வைசர் பத்ரி கத்துவார்.

போட்ட பிறகு முப்பது நாளுக்குள் அதே ஏ.சி. மறுபடி கெட்டால் இன்னும் மோசம். அது ‘ரிப்பீட்’. மூன்று ரிப்பீட் விழுந்தால் மெக்கானிக்கின் ஆப் ஐ.டி. முடங்கிவிடும். அப்புறம் வேலை கிடையாது.

குணாவுக்கு ஏற்கெனவே இரண்டு.

இன்றைக்குக் கோட் வாங்காமல் படியிறங்குவதில்லை என்ற முடிவோடுதான் பைக்கை நிறுத்தினான்.

கதவைத் திறந்த விஷ்ணுப்ரியா ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். கையில் தெர்மாமீட்டரோடு நின்றார்.

“காத்து வருது தம்பி, குளிர்ச்சிதான் வரல. இருபத்தேழு டிகிரி காட்டுது.”

வெளியே இருந்த யூனிட்டின் குழாய் இணைப்பில் குணா சோப்புத் தண்ணீர் தடவினான். நுரை பொங்கியது. கேஸ் கசிவு.

இணைப்பைச் சரிசெய்து இறுக்கினான். அடுத்து நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று அரை மணி நேரமாவது பார்க்க வேண்டும். பார்க்க ஆரம்பித்ததும் போன் அடித்தது.

“என்ன குணா, இன்னும் அங்கேயே இருக்கியா? சேலையூர்ல ரெண்டு கம்ப்ளைன்ட் வெயிட்டிங்” என்றார் பத்ரி.

“தோ, முடியப் போவுது சார்.”

பத்தே நிமிடத்தில் பரிசோதனையை முடித்துக்கொண்டு கேஸ் ஏற்றினான். அறை குளிர்ந்தது. தெர்மாமீட்டர் பதிமூன்று காட்டியது.

“போன்ல ஒரு கோட் வந்திருக்கும், அக்கா.”

“வந்திருக்கு. நாளைக்குச் சொல்றேன்.”

“பதிமூணு காட்டுதேக்கா.”

“நாளைக்கும் பதிமூணு காட்டட்டும்.”

“ஆறு மணிக்குள்ள போடணும். இல்லாங்காட்டி பேஜாராயிடும்க்கா.”

“மோர் குடிச்சிட்டுப் போங்க தம்பி. கோட் நாளைக்குத்தான்.”

மோரை வாங்காமலே இறங்கினான்.

கீழே வந்ததும் எழிலுக்குப் போன் போட்டான். “நீ சொன்னது கரெக்ட்டு மச்சான். பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவன் நானு. என்னையே நம்பல.”

“தெர்மாமீட்டரையே நம்பல, உன்னை எங்கடா நம்பப் போவுது?”

அன்று மாலை பத்ரியிடமிருந்து போனே வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. குணா ஆப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனபோது, விஷ்ணுப்ரியா தெர்மாமீட்டரை நீட்டினார்.

இருபத்தொன்று.

கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டால் இப்போதைக்குக் குளிரும். கோட்டும் கிடைத்துவிடும். குணா பையிலிருந்து சிலிண்டரைக்கூட எடுத்துவிட்டான்.

பிறகு திரும்ப உள்ளே வைத்தான்.

“அக்கா, அரை மணி நேரம் பார்க்க வேண்டியதை நேத்து பத்து நிமிஷத்துல முடிச்சிட்டேன். தப்பு என்னுதுதான். இன்னொரு இடத்துலயும் ஓட்டை கீது போல. முழுசா கழட்டணும்.”

“கழட்டுங்க.”

போனை சைலன்ட்டில் போட்டான். உள்யூனிட்டை இறக்கிப் பிரித்ததில், செப்புக் குழாயின் பின்பக்க வளைவில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. பற்றவைத்தான். மறுபடி நைட்ரஜன் ஏற்றிவிட்டு, இந்த முறை அழுத்தமானியின் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். போனில் பத்ரியின் பெயர் மூன்று தடவை ஒளிர்ந்து அணைந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரம். முள் அசையவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, கேஸ் ஏற்றி முடித்தபோது மணி பன்னிரண்டு. தெர்மாமீட்டர் பன்னிரண்டரை காட்டியது. அவன் கோட் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“நாளைக்கு வந்து பாக்கறேன்க்கா.”

“நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு” என்றார் விஷ்ணுப்ரியா.

“இப்பதான் நம்பிக்கை வந்துச்சாக்கா?” கொஞ்சம் குத்தலாகவே கேட்டான்.

“நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி. போன வருஷம் தனக்கோடின்னு ஒருத்தர் வந்தார். ஆறு மணிக்குள்ள போடணும்னு கெஞ்சினார். பாவமா இருந்தது, உடனே கோட் சொல்லிட்டேன். நாலே நாள்ல ஏ.சி. கெட்டுப்போச்சு. நானும் யோசிக்காம கம்ப்ளைன்ட் போட்டேன். அவருக்கு அது மூணாவது ரிப்பீட்டாம்.”

“ஐயோ.”

“இப்ப படப்பையில ஏதோ குடோன்ல மூட்டை தூக்கறாராம். அதுலேர்ந்து யார் வந்தாலும், ஒரு ராத்திரி ஓடட்டும், கெட்டா கோட் போடறதுக்கு முன்னாடியே கெடட்டும்னு விட்டுடறேன்.”

குணா தலையைக் குனிந்துகொண்டு, நேற்றிலிருந்து திறக்கவே பயந்த ஆப்பைத் திறந்தான். கோட் போட வேண்டிய கட்டத்துக்கு மேலே, நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு ஏறிய குறிப்பு ஒன்று இருந்தது:

‘வாடிக்கையாளரே கம்பெனிக்குப் போன் செய்து சொன்னது: வேலை நடக்கும்போது நான்தான் அவசரமாக வெளியே கிளம்பிவிட்டேன். நாளைக்கு வரச் சொன்னதும் நான்தான். மெக்கானிக் மேல் தவறில்லை.’