இன்னும் ரெண்டு வரிசை

விளக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த குட்டி செல்போன் ஆன்டெனாவுக்கு எதிரே இருந்த கிடங்குச் சுவரைக் கண்டாலே ஆகாது. ஆன்டெனாவின் அலைகள் அதிவேகமானவை, ஆனால் செங்கல்லைத் துளைக்கத் தெரியாதவை.

"உங்களாலதாண்ணே பக்கத்துத் தெருவுக்கு என் பேச்சு எட்டல" என்று தினமும் முனகும்.

"நிக்கிறதுதான் தம்பி என் வேலை" என்று சுவர் சொல்லிவிடும்.

ஒருநாள் கிடங்கை இடித்தார்கள். ஆன்டெனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில், கம்பத்தடியில் இளநீர் விற்கும் ஜைனம்புவை அவள் மகள் வெளியூரிலிருந்து வீடியோவில் அழைத்தாள், பிறந்த குழந்தையைக் காட்ட. திரையில் குழந்தையின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது.

"கொஞ்சம் தெளிவாப் பேசேன்" என்றது ஜைனம்புவின் போன்.

"உன் தலைக்கு மேலதானே இருக்கேன்?"

"நீ மட்டுமா பேசுற? பக்கத்துத் தெருவுல ஏழு கம்பம், ஏழுலயும் உன்னை மாதிரி ஆன்டெனா. ஏழு பேரு பேசுறதும் இங்க விழுது. இத்தனை நாளா கேட்டதே இல்லையே."

ஆன்டெனா அப்போதுதான் சுவர் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது.

சில வாரங்களில், பழைய செங்கற்களை வைத்தே அங்கே மறுபடி சுவர் எழும்பியது. கம்பத்து உயரம் வந்ததும் இரைச்சல் அடங்கியது. ஜைனம்புவின் திரையில் பேரன் முழு முகமாகக் கொட்டாவி விட்டான்.

"மறைக்குதா தம்பி?" என்று சுவர் தயங்கிக் கேட்டது.

"நல்லா மறைக்குதுண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொத்தனார் கிளம்புறதுக்குள்ள இன்னும் ரெண்டு வரிசை வைக்கச் சொல்லுங்க."