நாலுக்கு மேல் கூடாது

குடியிருப்புச் சங்கத்தார் வாசல் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன அன்று, செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்து இருபது நாள் ஆகியிருந்தது.

"ஒரு வீட்டுக்கு நாலு கோழிதானாம். மேலே ஒண்ணு இருந்தாலும் சாக்குல போட்டுக் கொண்டு போயிடுவாங்களாம்," என்று பல்லி வந்து சொன்னது.

"நாமளே நாலு பேர் இருக்கோமே!" என்றது பக்கத்திலிருந்த கருப்பிக் கோழி. "நீ ஏன்க்கா நடுங்குறே? முட்டை கோழியாகுமா?"

"எது வரைக்கும் கோழியாகாது?" என்று செவலை கேட்டது.

எழுந்து போய்விடலாமா என்று செவலை நினைத்தது. சூடு ஆறிவிட்டால் முட்டை முட்டையாகவே கிடக்கும்; அதைத் தேடி யாரும் சாக்கோடு வரமாட்டார்கள். நாலடி நடந்தது. வயிற்றடியில் காற்றுப் பட்டதும் மனசு கேட்காமல் ஓடிவந்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டது.

"அம்மா, விடிஞ்சிடுச்சா? நாங்க வரலாமா?" என்று ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்டது.

சீக்கிரம் வாங்கடா, வெயில் எவ்வளவு நல்லாயிருக்கு என்று இத்தனை நாளும் ஆசை காட்டி வைத்திருந்தது செவலைதானே!

உச்சி வெயிலில் கண் கூசியது.

"இல்லடா கண்ணு, வெளியே ஒரே இருட்டு. தூங்கு," என்றது செவலை.

"சரிம்மா," என்று அந்தக் குஞ்சு அடங்கிவிட்டது.

பக்கத்து முட்டையிலிருந்த குஞ்சு எதையும் கேட்கவில்லை. அது உள்ளிருந்து ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தது.