மணமில்லாத மனிதர்

இந்த மாவட்டத்து மான்களில் ஒன்றுக்குக்கூட, வெர்லின் என்று ஒருவர் உயிரோடு இருப்பது தெரியாது. சொன்னவர் வெர்லினேதான். சொன்னபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

நவம்பர் குளிரில், தம்பி டுவேனின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார். உள்ளே பன்றிக்கறி வதங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வாண்ணே, விறைச்சுப் போயிடுவ."

"அந்தப் புகை என் தலைமுடியில ஒட்டினா, மூணு நாளைக்குக் காட்டுப் பக்கம் போக முடியாது. இப்படியே பேசு."

துப்பாக்கிக்காரர்கள் தூரத்திலிருந்தே சுட்டுவிடலாம். வில்லோடு மரத்தில் ஏறி உட்காருகிறவனுக்கு மான் காலடிக்கே வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் அதன் மூக்கை ஏமாற்ற வேண்டும். வெர்லின் முப்பது வருடமாக அதற்காகவே வாழ்ந்தவர். வாசனையில்லாத சோப்பில் குளிப்பார். சமையல் சோடாவில் பல் தேய்ப்பார். துணிமணியைக் கிளையில் உலர்த்தி, ஓக் மரச் சருகு போட்ட டப்பாவில் மூடி வைப்பார். செப்டம்பர் முதல் ஜனவரி வரை அவர் வீட்டில் வெங்காயம் வதங்கியதில்லை. மனைவி ஆர்டிஸ் அந்த மாதங்களில் தனியறையில் படுத்துக்கொள்வாள். அவள் கைக்குத் தடவும் கிரீம் ரோஜா வாசனை.

"நீ மட்டும் என்னடா," என்றார் வெர்லின். "அந்த ஷேவிங் லோஷனைப் பூசிக்கிட்டு மரத்துல ஏறுற. கிறிஸ்துமஸ் மரத்தைக் கொளுத்தி விட்ட மாதிரி நாறுது."

"நான் காத்தைப் பார்த்து உட்கார்றேன். போன வருஷம் எட்டுக் கிளைக் கொம்பு மானை அடிச்சது யாரு?"

"அதுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கும்."

டுவேன் சிரித்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்ணியைப் போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"குழாய் ரிப்பேருக்கு வந்தீங்களான்னு கேட்டா."

ஆர்டிஸ் ஊர்க்கோடி முதியோர் இல்லத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தது. வெர்லினின் முகம் வசந்தத்திலேயே போய்விட்டது, பெயர் கோடையில். அங்கிருக்கும் நர்ஸ்தான் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "சில பேருக்கு வாசனை மட்டும் தங்கும் சார். நீங்க போட்டுக் கழட்டின பழைய சட்டை, துவைக்காதது, ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. ஒரு தடவையாவது அடையாளம் தெரியலாம்."

ஒரு தடவை போதும் என்றுதான் வெர்லினும் நினைத்தார். வீடு முழுக்கத் தேடினார். சட்டை, தலையணை, தொப்பியின் உள்பட்டை, சாய்வு நாற்காலியின் முதுகு, எல்லாவற்றிலும் முகத்தைப் புதைத்துப் பார்த்தார். முப்பது வருட உழைப்பு வீண்போகவில்லை. ஒரு நூலிழையில்கூட அவர் இல்லை.

இப்போது ஜன்னலோரம் நிற்கையில்தான் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் வில்லைத் தொடுவதற்கு முந்தைய காலம். அப்பாவின் பச்சைப் புட்டியிலிருந்து இதே ஷேவிங் லோஷனை அண்ணன் தம்பி இருவருமே திருடிப் பூசிக்கொண்டு நடனத்துக்குப் போவார்கள். ஆர்டிஸ் ஆடிக்கொண்டே அவர் கழுத்தோரம் மூக்கை வைத்து, "பைன் காட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கல்யாணமான இரண்டாம் வருடம் வில் வந்தது. வெர்லின் புட்டியை மூடினார். டுவேன் மட்டும் இன்றுவரை அதை விடவில்லை.

வெர்லின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"என்னண்ணே?"

"அந்தப் பச்சைப் புட்டியைக் குடு."

டுவேனுக்கு வாயில் ஒரு கேலி வந்தது. அண்ணனின் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். போய் எடுத்து வந்து கொடுத்தார். "கொஞ்சமாப் போடு," என்று மட்டும் சொன்னார்.

வெர்லின் இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும் காலரிலும் நிதானமாகப் பூசிக்கொண்டார். நடைபாதையில் ஒரு பணிப்பெண் தும்மினாள்.

ஆர்டிஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. உடம்பு அசையவில்லை, மூக்கு மட்டும் காற்றைத் தேடியது. வயலோரத்தில் மான் அப்படி நிற்கும் கணத்துக்கு வாழ்நாளெல்லாம் பயந்தவர் வெர்லின். இன்று அதற்காகவே வேண்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவள் திரும்பினாள். எத்தனையோ மாதங்களாகக் காணாத சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது. எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் காலரைப் பற்றி, கண்ணை மூடி முகர்ந்தாள்.

"தெரியுதா ஆர்டிஸ்?" என்று கேட்டார்.

"தெரியாமப் போகுமா?" என்று அவர் கன்னத்தைத் தட்டினாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால், ஆளில்லாத நடைபாதையை எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா டுவேன். உங்கண்ணன் இன்னும் மரத்துலேர்ந்து இறங்கலையா?"