சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே

திரையில் சொற்கள் தலைதெறிக்க ஓடின.

தண்ணீர், ஃபேன், வலிக்குது, திரும்பணும், ஆமாம், இல்லை. எதன்மேலும் வெளிச்சம் நிற்கவில்லை.

வேதவல்லி கட்டிலில் கிடந்தபடி பார்த்தாள். கட்டைவிரல், கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த காலிங்பெல் பட்டன்மேல் இருந்தது. அவள் உடம்பில் இன்னும் சொன்னபடி கேட்பது அந்த விரல் ஒன்றுதான். பேச்சு போன வருடமே போய்விட்டது.

வேண்டிய சொல்லுக்கு வெளிச்சம் வரும்போது அழுத்த வேண்டும். அவளுக்காகக் கணவன் தானே எழுதிய புரோகிராம்.

தீபாவளி கழிந்ததும் பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோயிற்று. பொங்கலுக்குத்தான் மைத்துனன் புதிது கொண்டுவந்தான். அதுவரை அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

புதியது ரொம்ப வேகமாம். அந்த வேகத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே, வேறொன்றும் செய்யாமல் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிரு என்று மெஷினுக்கு எழுதியிருந்தான். பழையது ஆடி அசைந்து எண்ணும். இது கண்மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது.

எண்ணுவதையே எடுத்துவிட்டான்.

மெஷினுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மெஷின் எத்தனை வேகமானாலும் அது தன் போக்கில்தான் துடிக்கும். அதைப் பார்த்துக் காத்திரு என்று மாற்றி எழுதினான். பழைய இடைவெளி, அச்சாக அதே அளவு.

கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தான். இம்மி பிசகவில்லை. சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டான்.

"இப்ப அழுத்து வேதா. என்ன வேணும்?"

அவள் பார்வை தண்ணீர்ச் செம்புக்குப் போய்த் திரைக்குத் திரும்பியது. தண்ணீருக்கு வெளிச்சம் வந்தது. விரல் அசைந்தது.

ஃபேன்.

மறுபடியும் அழுத்தினாள்.

ஃபேன்.

இதே இடைவெளியில்தான் தீபாவளியன்று அவனை விரட்டி விரட்டி வேலை வாங்கினாள்.

கைக்கடிகாரத்தை மீண்டும் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"சனியன், இன்னும் வேகமாத்தான் ஓடுது. மெஷின் கோளாறுதான் வேதா. வேற ஒண்ணுமில்ல."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். வெளிச்சம் ஒரு சுற்று வந்தது. விரல் அசைந்தது.

இல்லை.

அதற்கு முந்தின சொல் ஆமாம். ஆமாம் என்று சொல்லத்தான் அழுத்தியிருப்பாள், ஒரு சொல் தள்ளிப் போயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அப்புறம்தான் உறைத்தது. தள்ளிப் போயிருந்தால், அதுவும் மெஷினால் இல்லை.

செம்பை எடுத்து வந்து ஸ்பூனால் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். அழுகை முட்டியது. அவள் பார்க்க அழக்கூடாது என்று திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

இடைவெளியை இரண்டு மடங்காக்கினான். மெஷினைத் திட்டவில்லை.