ரைஸும் லைஸும்

கைதட்டல் முழுவதும் அவனுக்குத்தான்.

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முழங்கால் மோவாயில் இடித்தது.

அங்கேதான் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

டைலர் கனடாக்காரன். ஜப்பானில், நகோயாவின் இந்த மழலையர் பள்ளிக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. பொன்னிறத் தாடி. பள்ளிக்கு அது போதுமாக இருந்தது. வாசல் பலகையில் அவன் படம் ஏறிவிட்டது. இரண்டு வருடமாக இங்கே ஆங்கிலம் சொல்லித்தந்தவளின் படம் ஒரு நாளும் ஏறவில்லை.

சோற்றுக் கிண்ணம் வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டினான். அவள் வரைந்த அட்டை.

"ரைஸ்."

"ரைஸ்!" என்றன இருபத்திரண்டு வாய்கள்.

சுவரோரம் நின்ற பெற்றோர் மறுபடி கைதட்டினார்கள். ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத்தான் செய்வாள். இந்த ஊர் நாக்குக்கு ர-வும் ல-வும் ஒன்று. படித்த பெரியவர்களே ஆங்கிலத்தில் சோறு சாப்பிட்டேன் என்று ஆரம்பித்து, ரைஸ் லைஸாகி, தலைப்பேன் சாப்பிட்டேன் என்று முடிப்பார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் ர-வை உருட்டி விளையாடுகின்றன.

தலைமை ஆசிரியை மோரிகாவா அம்மாள் டைலரைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

ஒன்பது நாளில்!

அவளுக்கு எழுந்து போய் அந்தத் தாடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுக்கலாமா என்றிருந்தது.

ஆங்கில ர சொல்ல நாக்கைப் பின்னால் மடிக்க வேண்டும். மேலே எங்கும் ஒட்டக் கூடாது. டைலருக்கு இது தெரியாது. பிறந்ததிலிருந்து சொல்கிறவனுக்கு எப்படிச் சொல்கிறோம் என்று எதற்குத் தெரிய வேண்டும்?

அவளுக்குத் தெரியும். அவளிடம் ழ இருந்தது. தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் டிமிக்கி கொடுத்துவிட்டுப் போகிற எழுத்து. முதலில் ழ-வில் பிள்ளைகளின் நாக்கைப் பழக்கினாள். ஆறு மாதம் ஆனது. பிறகு ரைஸ் தானாக வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் மட்டும் என்ன? இந்தியப் பெண்மணியின் ஆங்கிலம் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று பெற்றோர் கவலைப்பட்டதால்தான் தாடி வந்தது. அவள் இனி உதவியாளர். அதுவும் மோரிகாவா அம்மாள் கையெழுத்துப் போட்டால். போடாவிட்டால் விசா இல்லை. மார்ச் மாதம் திண்டிவனம். அண்ணன் வீட்டு மாடி அறை. புருஷனை விட்டு வந்தவள் என்று அண்ணி மூன்று வேளையும் தட்டில் வைக்கிற பேச்சு.

நிகழ்ச்சி முடியட்டும், பார்க்கலாம் என்றிருந்தார் மோரிகாவா அம்மாள்.

முடியட்டும். சீக்கிரம் முடியட்டும்.

டைலர் கடைசி அட்டையை எடுத்தான். மஞ்சள் நிறம். வளைந்த பழம். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"வாழைப்பழம்!"

இருபத்திரண்டு பேரும், ஒரே குரலில்.

ஒருவரும் கைதட்டவில்லை.

ழ பழக்க அவள் பிடித்த சொல் அது. ஒரு சொல்லில் இரண்டு ழ. தினமும் காலையில் பத்து முறை சொல்லவைத்தாள். படத்தைக் காட்டிக்காட்டிச் சொல்லவைத்தாள். அது எந்த மொழி என்று சொல்ல மட்டும் மறந்துபோனாள்.

டைலர் சிரித்தான். "பனானா," என்று திருத்தினான்.

முன்வரிசையில் கோஹாரு எழுந்து நின்றாள். இரட்டைச் சடை, முன்பல் இல்லை. ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல, ஜப்பானிய மொழியில் பொறுமையாகச் சொன்னாள்:

"பனானா நம்ம பேச்சு. இங்கிலீஷ்ல வாழைப்பழம்."

கோஹாருவைக் குற்றம் சொல்ல முடியாது. ஜப்பானியர்கள் வாழைப்பழத்தைப் பனானா என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கில வகுப்பில் அதற்கு வேறு பெயர் சொல்லித்தந்தால், அது ஆங்கிலம்தானே?

ஒரு தகப்பன் கைபேசியில் தேடினான். தமிழ் என்று வந்ததை மனைவியிடம் காட்டினான். ஒவ்வொரு தலையாகக் கடைசி வரிசைக்குத் திரும்பியது. இந்த ஊரில் வார்த்தை சொல்லாமலே ஆளை வெளியே தள்ளத் தெரியும்.

மோரிகாவா அம்மாள் அவள் அருகே வந்து குனிந்தார். கூட்டத்துக்காகப் போட்ட சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"அது தப்புனு நீங்களே குழந்தைங்ககிட்ட சொல்லிடுங்க, சென்செய். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

சென்செய் என்றால் ஆசிரியர். அந்த மரியாதைக்கு மட்டும் என்றைக்கும் குறைச்சல் வைத்ததில்லை.

அவள் எழுந்தாள். முன்வரிசைவரை நடந்தாள். வழியில் நின்ற அம்மாக்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். டைலர் அட்டையைப் பிடித்தபடி நல்லவனாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

கோஹாருவின் முன் குந்தினாள்.

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் வீட்டு வாடகை, விசா, அண்ணியின் முகத்தில் விழிக்காத இன்னொரு வருடம்.

குழந்தை அவளைப் பார்த்தது. பெரியவர்கள் எல்லாரும் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று அதற்கு விளங்கவில்லை. பயத்தில் மறுபடி சொன்னது.

"வாளைப்பளம்."

"தப்பு," என்றாள் அவள்.

பின்னால் மோரிகாவா அம்மாள் மூச்சு விடுவது கேட்டது.

"நாக்கு மேல ஒட்டுது பாரு. நல்லா மடிச்சுச் சொல்லு."