தலைக்கு மேலே இன்னொரு ஆள்

“பன்னண்டு அடி அலையா? யார் காதுல பூ சுத்தறே தாவீது?”

இரும்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஸ்ரீரங்கன், அப்போதுதான் கழுவி எடுத்த படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். கோவளத்துக் கடல். அலைச்சறுக்குப் பலகைமேல் சட்டை, அரை டிராயரோடு ஓர் உருவம், கரைக்கு முதுகைக் காட்டி ஜம்மென்று நின்றது. எதிரே, அடேயப்பா, அலை!

“கோவளத்துல ஏழெட்டு அடிக்கு மேல அலை எழும்பி நான் பார்த்ததே இல்லப்பா.”

“நீ இன்னா சார், ஓடுற அலையில எவன் போய் டேப்பு புடிப்பான்? பலகை வுடுறவன் கணக்கே வேற. மேல நிக்கிற ஆளுதான் அளவு. முட்டிக்கு வந்தா முட்டி அலை, இடுப்புக்கு வந்தா இடுப்பு அலை. இத்தப் பாரு, தலைக்கு மேல இன்னொரு ஆளு நிக்கலாம். நான் ஆறடி. ரெண்டாறு பன்னண்டு!”

ஸ்ரீரங்கன் விடாக்கண்டர். ஸ்கேலை எடுத்து வைத்தே பார்த்துவிட்டார். ஆள் ஓர் அங்குலம், அலை இரண்டு அங்குலம். கணக்கு இம்மியும் பிசகவில்லை.

பலகையைத் தாவீதிடம் விட்டுப்போன ஆஸ்திரேலியாக்காரர் ஆலன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு அலையில் நிற்கிற படம் அனுப்பினால், அவர்கள் ஊர்ப் போட்டிக்கு விமான டிக்கெட்! திருமுடிவாக்கத்துப் பட்டறையில் இரும்பு வெட்டியே காலம் போய்விடுமோ என்று பயந்துகிடந்த தாவீதுக்கு அந்த டிக்கெட்தான் உயிர். படத்துக்குப் பின்னால் ‘தாவீது, ஆறடி’ என்று ஸ்ரீரங்கன் கையாலேயே இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொண்டு ஓடினான்.

இரண்டு மாதம் கழித்து ஏர்மெயில் கவரோடு வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னப்பா, டிக்கெட் இல்லைனுட்டானா?”

“குடுக்கறான் சார். அதான் பேஜாரு.”

ஸ்ரீரங்கன் கடிதத்தைப் படித்தார். பன்னிரண்டு அடி என்று ஒப்புக்கொண்டோம். படத்தில் இருப்பவருக்கு மட்டுமே டிக்கெட். இங்கே வந்ததும் எங்கள் கண்முன்னால் அலையில் நின்று காட்ட வேண்டும். உடனே பாஸ்போர்ட் எடுக்கவும்.

“இதுல என்ன பேஜார்? போய் நின்னுட்டு வாயேன்!”

“எங்க நிக்கறது? பலகையில கால வெச்சாலே குப்புறக் கவுந்துடுவேன் சார்!”

“அட கிராதகா! அப்போ படத்துல நிக்கறது யாரு?”

தாவீது பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கட்டுமரத்திலேயே பிறந்து வளர்ந்தவளும், நாலடியைக்கூடத் தொடாதவளுமான அவன் மாமியார் அந்தோணியம்மாள், தலைநிறையப் பூவும் பட்டுப்புடவையுமாக உள்ளே வந்தாள்.

“மாப்ளே, பாஸ்போர்ட்டு போட்டோவுக்கு இந்தப் பொடவை போதுமா, இல்ல அன்னிக்கு மாதிரி உன் சட்டையையே மாட்டிக்கட்டுமா?”